ஆரஞ்சு மிதவையில் விழுந்த முடிச்சு

வூஸ்டர்
2018 மார்ச் 4

டார்சி,

ஆல்டனின் அடக்கம் முடிந்த அன்று சர்ச் ஹாலில், இனி உன்னிடம் பேசமாட்டேன் என்று சொன்னேன். பேசவில்லை. எழுதமாட்டேன் என்று சொன்னதாக ஞாபகம் இல்லை. போன் செய்தால் நீ எடுக்கப்போவதில்லை, எடுத்தாலும் இரண்டாவது வாக்கியத்தில் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன் படித்துவிடு.

கடைக்கார வெர்னா எழுதியிருந்தாள். உன் பெண் டெஸ்ஸாவின் மாணவர் மீன்பிடி உரிமத்தில் பொறுப்பாளர் என்ற இடத்தில் வெண்டல் பீல் கையெழுத்துப் போட்டிருக்கிறானாம். பதினைந்து வயதுப் பெண் இந்தக் கோடையில் அவனோடு கடலுக்குப் போகப்போகிறாளாம். போன வருடம் வரை அந்த இடத்தில் இருந்தது அவள் அப்பாவின் கையெழுத்து. என் தம்பி ஆல்டனின் கையெழுத்து.

வெண்டல் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன ஆகஸ்டில் ஆல்டனின் மிதவையில் முடிச்சுப் போட்டவன் அவன். அடுத்தவன் மிதவைக் கழியில் கயிற்றைச் சுற்றி இரண்டு அரை முடிச்சுப் போட்டால் என்ன அர்த்தம் என்று நம் படகுத்துறையில் பால்குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். 'இந்தப் பக்கம் வராதே, அடுத்த தடவை கத்தி.' கயிறு அறுந்தால் அடியில் கிடக்கிற சிங்கி இறால் கூண்டு கடலோடு போச்சு. வெண்டல் அறுக்கவில்லை. அடுத்த மாதமே ஆல்டன் போய்விட்டான், அறுக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

அவன் உயிரைக் குடித்த அந்தப் போதைச் சனியனை யாரோ ஒருவர் ஆல்டன் கையில் கொடுத்திருக்க வேண்டும். துறையில் அவனுக்கு வேண்டாதவன் ஒருவன்தான் இருந்தான். அவன் படகில் நீ பெண்ணை ஏற்றுகிறாய். ஏன் என்று ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன். தோன்றுகிற காரணம் எதுவும் உனக்கு நல்ல பெயர் தருவதாக இல்லை.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஜூனில் பள்ளி முடிந்ததும் டெஸ்ஸா என்னிடம் வரட்டும். இங்கேயே படிக்கட்டும். நீ ஒப்புக்கொள்ளாவிட்டால் வக்கீலைப் பார்ப்பேன். ஒருவரின் பெயர் வாங்கி வைத்திருக்கிறேன்.

ரோவீனா


பிளம்மர் துறை
2018 மார்ச் 13

ரோவீனா,

கிழிக்கவில்லை. மேஜையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். வந்து பார்த்தால் டெஸ்ஸா படித்து முடித்திருந்தாள். "அத்தை என்னைக் கேக்கவே இல்லையேம்மா"ன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

வெண்டல் கையெழுத்துப் போட்டது உண்மை. உரிமம் வைத்திருக்கிற ஒருவர் பொறுப்பேற்காமல் இந்தப் பெண் ஒரு கூண்டுகூட இறக்க முடியாது. துறையில் இருப்பவர்கள் எல்லோரும் அடக்கத்துக்கு வந்தார்கள், பீன்ஸ் சட்டி கொண்டுவந்தார்கள், என் தோளைத் தட்டினார்கள். பிப்ரவரியில் கையெழுத்துக் கேட்டுப் போனபோது ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்குப் படகில் இடமில்லை. வெண்டலிடம் நான் கேட்கவில்லை. அவராக வந்து வாசலில் நின்று, "பேப்பரக் குடு"ன்னார். போட்டுவிட்டுப் போய்விட்டார், காபிகூடக் குடிக்கவில்லை. அக்டோபரில் ஆல்டனின் கூண்டுகளைக் கடலிலிருந்து எடுத்து வந்து எங்கள் கொல்லையில் அடுக்கியதும் அவர்தான்.

எனக்கும் அது விசித்திரமாகத்தான் இருக்கிறது. முடிச்சை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஆகஸ்டில் ஆல்டனிடமே கேட்டேன். "வெண்டலுக்குப் பொழுது போகல, விடு"ன்னு சிரித்தான். நீங்கள் சொல்கிற கணக்கை நானும் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனால் பெண் அப்பாவின் ஆரஞ்சும் வெள்ளையும் கலந்த நிறத்திலேயே மிதவை போட வேண்டும் என்கிறாள். கடலுக்கே அனுப்பாமல் வைத்தால் இந்த வீட்டில் அவள் இருக்கமாட்டாள். கண்ணுக்குத் தெரிந்த எதிரியோடு அனுப்புவது மேல் என்று முடிவு செய்தேன்.

நான் ஒன்று கேட்கலாமா? என்னைப் பற்றி வெர்னாவிடம் என்ன எழுதுகிறீர்கள்? இப்போதெல்லாம் பால் வாங்கப் போனால் அவள் என் கண்ணைப் பார்க்கிறாள். முகத்தை இல்லை, கண்ணின் கருமணியை. சில்லறை வாங்கும்போது கை நடுங்குகிறதா என்று பார்க்கிறாள். நான் அந்த மருந்தைத் தொட்டதில்லை. இதை நான் சொல்ல வேண்டியிருப்பதே உங்கள் வேலையாகத்தான் இருக்கும்.

டார்சி


வூஸ்டர்
2018 மார்ச் 21

டார்சி,

நீ சரியாகத் தூங்குகிறாயா, வீட்டில் யார் யார் வந்து போகிறார்கள் என்று வெர்னாவிடம் கேட்டேன். கேட்டதில் தப்பில்லை என்று இன்றும் நினைக்கிறேன். என் தம்பியையும் யாராவது அப்படி உற்றுப் பார்த்திருக்கலாம். படகுத்துறை ஏணியிலிருந்து விழுந்து முதுகு போனபோது டாக்டர் கொடுத்த மாத்திரைகளில் தொடங்கியது. டாக்டர் நிறுத்தியபின் அவன் நிறுத்தவில்லை என்பது எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும். உனக்கு எப்போது தெரியும்? இந்தக் கேள்வியை சர்ச் ஹாலிலும் கேட்டேன். நீ தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாய்.

இன்னொன்றும் உறுத்துகிறது. அவன் போவதற்கு முந்தின வாரம் புயல், யாரும் கடலுக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை போன் செய்தேன். "ரொம்ப நல்லா இருக்கான் ரோவீனா, பழைய ஆல்டன் மாதிரி இருக்கான்"னு நீதான் சொன்னாய். நல்லா இருந்தவன் சனிக்கிழமை எப்படிச் செத்தான்? ஒன்று, நீ என்னிடம் பொய் சொன்னாய். இல்லாவிட்டால், சனிக்கிழமை கடலில் யாரோ அவனைப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அன்று அந்தப் பக்கம் இருந்த இன்னொரு படகு வெண்டலுடையது மட்டும்தான். படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தவனும் அவன்தான்.

முடிச்சுப் போட்ட அந்த மிதவை கொல்லையில்தானே கிடக்கிறது? அதை எனக்கு அனுப்பு. கயிற்றை வெட்டாமல், முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே அனுப்பு. வக்கீலிடம் காட்ட ஏதாவது ஒன்று கையில் வேண்டும்.

நேற்று சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பையன், ஆறு வயது இருக்கும், இடது கையால் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தான். ஆல்டனும் இடது கைக்காரன், அவனுக்கு நான்தான் கட்டக் கற்றுக்கொடுத்தேன். எதிரில் உட்கார்ந்து கற்றுக்கொடு என்று அம்மா சொல்லியிருந்தால் ஒழுங்காக வந்திருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், அவனுக்கு எல்லாம் தலைகீழாகத்தான் வந்தது. அந்தப் பையன் கட்டி முடித்து, அவன் அம்மா இழுத்துக்கொண்டு போகும்வரை தள்ளுவண்டியோடு நின்றேன். எதற்கு இதையெல்லாம் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ரோவீனா


பிளம்மர் துறை
2018 ஏப்ரல் 5

ரோவீனா,

மிதவை தனிப் பார்சலில் வருகிறது. முடிச்சு அப்படியே இருக்கிறது. வக்கீலிடம் காட்டுங்கள், சுவரில் மாட்டுங்கள், உங்கள் இஷ்டம். என் பெண்ணை என்னிடமிருந்து பிடுங்க நானே பார்சல் கட்டி அனுப்புகிறேன். தபால் செலவும் என்னுடையதுதான்.

அந்த வாரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நான் பொய் சொல்லவில்லை. முதல் இரண்டு நாள் அவனுக்கு வியர்த்து ஊற்றியது, வாந்தி, கால் நிற்காமல் உதறல். டெஸ்ஸாவிடம் ஃப்ளூ என்றேன். என்னிடம் எதுவும் கேட்காதே என்றான், நானும் கேட்கவில்லை. வியாழக்கிழமை எழுந்து குளித்தான். வெள்ளிக்கிழமை பான்கேக் சுட்டான், வழக்கம்போல முதல் மூன்றும் கருகல். மேஜையில் உட்கார்ந்து, முட்டை வைத்த பெண் இறாலைத் திருப்பிக் கடலில் விடும்போது தான் என்ன சொல்வேன் என்று டெஸ்ஸாவுக்கு நடித்துக் காட்டினான். "வீட்டுக்குப் போ தாயி, புள்ளைங்க தேடும்." அவள் பால் மூக்கில் ஏறும்படி சிரித்தாள். அப்போதுதான் நீங்கள் போன் செய்தீர்கள். பழைய ஆல்டன் என்று சொன்னேன். அப்போது பழைய ஆல்டன்தான் இருந்தான்.

வீட்டில் மருந்து இல்லை என்பது எனக்கு நிச்சயம். அந்த வீட்டில் நான் தேடாத இடம் கிடையாது. மாவு டப்பா, டாய்லெட் தொட்டி, டிரக்கின் சீட்டுக்கு அடியில், அவன் ரப்பர் பூட்ஸுக்குள், எல்லாம் பார்த்திருக்கிறேன். உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த நாளிலிருந்து தேடிக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட ஒன்றும் கிடைத்ததில்லை.

சனிக்கிழமை கடல் அடங்கியது. நான் எழுவதற்கு முன்பே போய்விட்டான். படகு இறைப்பாறைக்குப் பக்கத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. விளிம்பில் ஒரே ஒரு கூண்டு ஏற்றியிருந்தது, கதவு திறந்திருந்தது. தரையில் அவன். பக்கத்தில் ஒரு வேர்க்கடலை வெண்ணெய் பாட்டில், மூடி திறந்து, உள்ளே மருந்து. போலீஸ் எடுத்துப் போனது. சாப்பாட்டு வாளியில் வைத்து எடுத்துப் போயிருக்கிறான், நான் அந்த வாளியைத் தேடவில்லையே என்று இத்தனை மாதம் என்னையே தின்றுகொண்டிருக்கிறேன். வெண்டல் கொடுத்தார் என்றால் எனக்கு நிம்மதிதான், தெரியுமா? வாளி என் தலையிலிருந்து இறங்கிவிடும்.

டார்சி


வூஸ்டர்
2018 ஏப்ரல் 12

டார்சி,

பார்சல் வந்தது. சமையலறை மேஜையில் வைத்துப் பிரித்தேன். உப்பு நாற்றம் வீடு முழுக்க வந்துவிட்டது. வக்கீலிடம் போகவில்லை. போகவும் முடியாது. காரணத்தைக் கேள்.

இந்த முடிச்சைப் போட்டது வெண்டல் இல்லை. ஆல்டன்.

நான் சொல்வதை நீ நம்ப வேண்டாம். ஒரு நாற்காலிக் காலில் நீயே கயிற்றைச் சுற்றி இரண்டு அரை முடிச்சுப் போட்டுப் பார். உனக்குச் சுற்று வலமாக வரும். வெண்டலுக்கும் வலமாகத்தான் வரும், அவன் வலது கைக்காரன். இது இடமாகச் சுற்றியிருக்கிறது, வால் அடிப்பக்கம் தொங்குகிறது. இப்படிக் கட்டுகிற ஒருவனைத்தான் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு நாற்காலிகள் எல்லாவற்றிலும் இதே முடிச்சுத் தொங்கும். சாப்பிட உட்காருமுன் அப்பா ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே, "யாருடா இத இப்பிடிக் கட்டறது"ன்னு கேட்பார். யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஒருவன் ஏன் தன் மிதவைக்குத் தானே முடிச்சுப் போட வேண்டும்? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகு உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். வீட்டில் நீ தேடாத இடம் இல்லை. விளிம்பில் ஒரே ஒரு கூண்டு. கதவு திறந்திருந்தது. டார்சி, அந்தப் பாட்டில் சாப்பாட்டு வாளியில் வரவில்லை. அந்தக் கூண்டுக்குள் இருந்து வந்தது. அடுத்தவன் கூண்டை நம் ஊரில் எவனும் தூக்கமாட்டான், தூக்கினால் உரிமம் போகும், மானமும் போகும். அதைவிடப் பத்திரமான அலமாரி உலகத்தில் கிடையாது. எந்தக் கூண்டு என்று தெரிய ஒரு அடையாளம் போட்டிருக்கிறான்.

இது உனக்கு முன்பே தெரியுமா? தெரிந்துதான் வெண்டல் மேல் பழி இருக்கட்டும் என்று விட்டாயா? கேட்காமல் இருக்க முடியவில்லை. நேராகப் பதில் சொல்.

ரோவீனா


பிளம்மர் துறை
2018 ஏப்ரல் 22

ரோவீனா,

தெரியாது. இதுதான் நேரான பதில்.

நாற்காலிக் காலில் கட்டிப் பார்த்தேன். டெஸ்ஸாவையும் கட்டச் சொன்னேன். நீங்கள் சொன்னது சரி. அவளிடம் காரணம் சொல்லவில்லை. அப்புறம் வெண்டல் வீட்டுக்கு நடந்தே போனேன். கொட்டகையில் மிதவைகளுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். நீங்கள் எழுதியதைச் சொன்னேன். தூரிகையைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும்"னார். "ஆகஸ்ட்ல பாத்தேன். அவனே தன் மிதவையத் தூக்கி அவனே கட்டிக்கிட்டிருந்தான்."

"பாத்துட்டு ஏன் சொல்லல? ஊரே உங்களத்தான சொல்லிச்சு. சர்ச் ஹால்ல ரோவீனா உங்க மூஞ்சிக்கு நேரா சொன்னாங்களே."

"என்னன்னு சொல்றது? என்னை மாட்டிவிடத்தான் கட்டறான்னு நெனச்சேன். வெண்டல் முடிச்சுப் போட்டான்னு கத்திட்டு என் கயிற அறுக்கப்போறான், அந்த எடத்தப் புடிக்கப்போறான்னு நெனச்சேன். ஒங்க மாமனாரும் எங்கப்பாவும் அந்த இறைப்பாறைக்கு அடிச்சுக்கிட்டவங்கதான. அதனால அவன் இருக்கிற பக்கமே போறதில்லன்னு வச்சுக்கிட்டேன்."

நான் கிளம்பிவிட்டேன். வாசல்வரை வந்தவர் பின்னாலிருந்து கூப்பிட்டார். அடுத்து அவர் சொன்னதை உங்களுக்கு எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். எழுதாமல் விட்டால் என்றாவது வெர்னா எழுதுவாள்.

"அந்த சனிக்கெழம படகு சுத்திக்கிட்டிருந்ததப் பாத்தேன் டார்சி. ஆள் தெரியல. கிட்டப் போனா, என் கூண்டத் தொட வந்தான்னு சொல்லுவான், இதுவும் ஒரு நாடகம்னு நெனச்சேன். என் வரிசை முழுக்கத் தூக்கி முடிச்சேன். அப்பவும் அது சுத்திக்கிட்டுத்தான் இருந்துது. அப்பறந்தான் போனேன்."

தொட்டபோது அவன் கை சூடாக இருந்ததாம். அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பிப்ரவரியில் ஏன் வந்து பேப்பரைக் கேட்டார் என்று இப்போது தெரிகிறது. அவர் படகில், போதை மிஞ்சி விழுந்தவனை எழுப்ப மூக்கில் அடிக்கிற மாற்று மருந்து இருந்திருக்கிறது, இப்போது எல்லாப் படகிலும் இருக்கிறது. சீக்கிரம் போயிருந்தால் பிழைத்திருப்பானா என்று என்னைக் கேட்காதீர்கள்.

இதை வைத்து நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அவரைத் திட்டி எழுதலாம். என் பெண்ணை இந்த ஊரில் விடக்கூடாது என்று கோர்ட்டில் படிக்கலாம், நானே கொடுத்த ஆதாரம். வீட்டுக்கு வந்து கூண்டு அடுக்குக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். எனக்கு அவன் வேண்டும் ரோவீனா. திருடனாகவோ பொய்யனாகவோ இருந்தாலும் பரவாயில்லை, கருகின பான்கேக்கோடு எனக்கு அவன் வேண்டும்.

டார்சி


வூஸ்டர்
2018 மே 1

டார்சி,

உன் கடிதம் வந்த அன்று வெண்டலுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். மறுநாள் படித்துப் பார்த்தேன், ஸ்டாம்ப் ஒட்டவில்லை. அவன் ஆல்டனைச் சந்தேகப்பட்டான், நான் அவனைச் சந்தேகப்பட்டேன், உன்னையும். அவனுக்காவது கண்ணால் பார்த்த ஒரு முடிச்சு இருந்தது. எனக்கு வெர்னா இருந்தாள்.

மிதவை இன்னும் மேஜையில்தான் இருக்கிறது. அதன் பக்கத்தில்தான் சாப்பிடுகிறேன். ஒன்று மட்டும் எனக்குப் புரியாமல் இருந்தது. அடையாளத்துக்கு ஒரு துண்டு டேப் போதும். ஒரு பொட்டு பச்சை வண்ணம் போதும், யாருக்கும் தெரிந்திருக்காது. துறையே பார்த்துப் பேசுகிற முடிச்சை ஏன் போட்டான்? வெண்டலை மாட்டிவிட என்று வெண்டல் நினைக்கிறான். நான் ஆல்டனை நாற்காலியில் முடிச்சுப் போட்ட காலம் தொட்டு அறிவேன். யாரையும் மாட்டிவிடுகிற சாமர்த்தியம் அவனுக்குக் கிடையாது, பொய் சொன்னால் காது சிவந்துவிடும்.

மருந்தை வீட்டில் வைக்காமல், படகில் வைக்காமல், கடலடியில் வைத்தான். கடல் அடங்கினால்தான் எடுக்க முடியும். புயல் அடித்தால் அவனுக்கு விடுமுறை, உங்களுக்கு ஆல்டன் கிடைப்பான். எடுக்கப் போகும்போதெல்லாம் முதலில் கையில் படுவது அந்த முடிச்சு. அதற்கு நம் ஊரில் ஒரே அர்த்தம்தான். இங்கே வராதே. அதை அவன் வெண்டலுக்குப் போடவில்லை, நம் யாருக்கும் போடவில்லை.

அது அவனைத் தடுக்கவில்லை. என் தம்பி தனக்கே எச்சரிக்கை கட்டி வைத்துவிட்டு, அதைத் தாண்டி உள்ளே போனான். ஆனால் கட்டினான். ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்திருக்கிறான். இது ஆறுதலா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை.

வக்கீலின் பெயரைக் குப்பையில் போட்டுவிட்டேன். டெஸ்ஸா உன்னோடு இருக்கட்டும். அவளிடம் நீயே எல்லாவற்றையும் சொல், யாராவது சொல்லித் தெரியவேண்டாம். வெண்டலைப் பார்த்து நான் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை, அதனால் இப்போது வரமாட்டேன். நீ கூப்பிட்டால் வருவேன்.

ரோவீனா


பிளம்மர் துறை
2018 ஜூன் 19

ரோவீனா,

டெஸ்ஸாவிடம் சொல்லிவிட்டேன். முடிச்சு, பாட்டில், வெண்டல் சொன்னது, எல்லாம். மறுநாள் வெண்டலின் கொட்டகைக்குப் போயிருக்கிறாள். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, இரண்டு பேரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். எனக்குச் சந்தேகம் இல்லாமல் இல்லை. ஆனாலும் விட்டுவிட்டேன்.

இந்தக் கோடையில் முதல் தடவையாக நேற்று கடலுக்குப் போனாள். அப்பாவின் நிறத்தில் அவளுடைய பத்து மிதவை. சாயங்காலம் வெண்டல் இறக்கிவிட்டுப் போகும்போது முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். "ஒம் பொண்ணோட வேலைக்காகாது"ன்னார். என்ன ஆச்சு என்று கேட்டேன்.

திரும்பி வரும் வழியில் தூரத்தில் ஒரு படகு சும்மா வட்டமடித்துக்கொண்டிருந்ததாம். பக்கத்து ஊர்க்காரன் படகு, அந்த ஊர்க்காரர்களோடு நமக்கு இரண்டு தலைமுறையாகப் பேச்சே கிடையாது என்று உங்களுக்குத் தெரியும். ஆள் தெரியவில்லை. டெஸ்ஸா படகைத் திருப்பச் சொன்னாளாம். அவர்கள் எல்லைக்குள் போனால் சுடுவான் என்றாராம் வெண்டல். இவள் சுக்கானிலேயே கையை வைத்துவிட்டாளாம். பக்கத்தில் போய்ப் பார்த்தால் அந்த ஆள் தரையில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தானாம். எழுந்து நின்று, "என்னடா வேணும் உங்களுக்கு, இங்க என்ன வேல"ன்னு கத்தினானாம்.

"ஒண்ணும் இல்ல," என்று சொன்னாளாம் டெஸ்ஸா. "இருக்கீங்களான்னு பாக்க வந்தோம்."

வாருங்கள். அறை தயாராக இருக்கிறது. மிதவையையும் எடுத்து வாருங்கள், அவள் கேட்கிறாள்.

டார்சி